ஆசையாக வைத்திருந்த பழைய பென்ஸை விற்கப் போகிறீர்களா? குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

விற்கலாம் என்று மனதுக்குள் முடிவெடுத்ததும் புரோக்கருக்கு போன் போடாதீர்கள். டீக்கடையிலும் சொல்ல வேண்டாம், குடும்ப வாட்ஸ்அப் குரூப்பிலும் போட வேண்டாம். பீரோவில் கிடக்கும் ஆர்சி புக்கை எடுத்து முதல் பக்கத்திலிருந்து நிதானமாகப் படியுங்கள். நம் மாவட்டத்தில் பழைய சொகுசுக் கார் வியாபாரம் பாதியில் நின்றுபோனால் பெரும்பாலும் எஞ்சின் காரணமாக இருக்காது, பேப்பர்தான் காரணமாக இருக்கும். வாங்குகிறவர் விரும்பி வந்திருப்பார், விலையும் படிந்திருக்கும், ஆனால் பெயர் மாற்ற முடியாமல் வண்டி இன்னும் இரண்டு மழைக்காலம் ஷெட்டிலேயே நிற்கும். நிற்கும் வண்டி கெடும்.

முதல் தடவையாக இப்படி ஒரு வண்டியை விற்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் வீட்டில் இருந்தது 1983 மாடல் பென்ஸ் 240 டி. ‘டபிள்யூ 123’ என்று சொல்லும் வரிசை அது. 1976-லிருந்து 1986 தொடக்கம் வரை ஏறக்குறைய 27 லட்சம் வண்டிகள் அந்த வரிசையில் தயாராயின. எனக்குக் கைப்பழக்கம் அதில்தான் என்பதால் உதாரணங்களும் அதிலிருந்தே வரும். ஜாகுவார், வால்வோ, பிஎம்டபிள்யூ வைத்திருப்பவர்களுக்கும் நடைமுறை இதேதான்.

பேப்பர் வேலை

முதல் கேள்வி, ஆர்சி யார் பெயரில் இருக்கிறது? இங்கே பல வீடுகளில் பழைய கார் அப்பா பெயரிலோ தாத்தா பெயரிலோதான் இன்னமும் இருக்கும். அவர் காலமாகி வருடங்கள் ஆகியிருக்கும், வண்டி மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். அந்த ஆர்சியை வைத்து நேராக வெளியாளுக்கு விற்க முடியாது. முதலில் வாரிசு பெயருக்கு மாற்ற வேண்டும். அதற்குப் படிவம் 31. கூடவே இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் வேண்டும். வாரிசுச் சான்றை இ-சேவை மையம் வழியாக விண்ணப்பித்துத் தாசில்தாரிடமிருந்து வாங்கலாம். மற்ற வாரிசுகள் ‘எங்களுக்கு ஆட்சேபணை இல்லை’ என்று கையெழுத்துப் போட வேண்டும். ஒரு அக்கா பெங்களூரு, ஒரு தம்பி துபாய் என்றால் இந்த ஒரு கையெழுத்துக்கே நாள் ஓடிவிடும். ஆகவே இதிலிருந்து தொடங்குங்கள். சட்டப்படி, உரிமையாளர் இறந்த 30 நாளுக்குள் தகவல் கொடுத்து, 3 மாதத்துக்குள் விண்ணப்பித்திருக்க வேண்டும். தாமதமாகிவிட்டால் தாமதக் கட்டணம் உண்டு, அதைக் கட்டி முடித்துவிடுங்கள். உடன்பிறந்தவர்களிடம் பணப் பங்கு பற்றியும் இப்போதே பேசி முடிப்பது நல்லது. விலை படிந்த பிறகு பேசினால் பேச்சு வேறு மாதிரி போகும்.

அடுத்தது செல்போன் எண். இப்போது எல்லாமே ‘பரிவாகன்’ என்ற அரசின் வாகனப் பதிவு இணையதளம் வழியாகத்தான். ஓடிபி எந்த எண்ணுக்குப் போகிறது என்று பாருங்கள். வளைகுடாவிலிருந்து வந்து போன காலத்தில் கொடுத்த எண்ணாக இருந்தால், அந்த சிம் எப்போதோ செத்திருக்கும்.

கையால் எழுதிய பழைய ஆர்சி புக்காக இருந்தால், உங்கள் வண்டி கணினிப் பதிவிலேயே இல்லாமல் இருக்கலாம். அசல் புக்கோடு நாகர்கோவில் அல்லது மார்த்தாண்டம் ஆர்டிஓ ஆபீசுக்குப் போய் ‘பேக்லாக் என்ட்ரி’ (பழைய பதிவைக் கணினியில் ஏற்றுவது) போடச் சொல்லிக் கேளுங்கள். டிஎன் 74 என்றால் நாகர்கோவில், டிஎன் 75 என்றால் மார்த்தாண்டம். 1989-க்கு முந்தைய பழைய எழுத்து வரிசை எண் என்றால் எந்த ஆபீசில் முதலில் பதிந்தது என்று புக்கிலேயே முத்திரை இருக்கும்.

ஆர்சியில் எழுதியிருக்கும் சேஸிஸ் எண்ணை வண்டியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். டபிள்யூ 123-ல் பானட்டைத் திறந்தால் எஞ்சினுக்குப் பின்னால் உள்ள தகட்டுச் சுவரில் அடித்திருப்பார்கள். மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்து, மேலே ஒரு தாளை வைத்து பென்சிலால் தேய்த்து ‘பிரின்ட்’ எடுங்கள். 240 டி என்றால் எண்ணில் 123 123 என்று தொடர்ச்சி வரும். பழைய புக்கில் குமாஸ்தா கையால் எழுதியதில் ஒரு 3 ஒரு 8 ஆகியிருப்பது சாதாரணம். அதைத் திருத்த விண்ணப்பிக்கலாம். ஆனால் வாங்குகிறவர் வந்து கண்டுபிடித்தால் அது ‘திருட்டு வண்டியோ’ என்ற சந்தேகமாக மாறிவிடும்.

கடன் போட்டு வாங்கிய வண்டியா? தவணை எப்போதோ முடிந்திருக்கும், ஆனால் ஆர்சியில் வங்கியின் பெயர் இருந்துகொண்டே இருக்கும். நம் பக்கத்தில் நிறையப் பேர் ஸ்டேட் பாங்க் ஆஃப் திருவாங்கூரில் கடன் வாங்கியவர்கள். 2017 ஏப்ரல் 1 முதல் அது ஸ்டேட் பாங்க் ஆஃப் இந்தியாவோடு இணைந்துவிட்டதால், இப்போது அங்கே போய்த்தான் கடன் முடிந்த கடிதமும் படிவம் 35-இல் கையெழுத்தும் கேட்க வேண்டும். பழைய பாஸ்புக், கடைசித் தவணை ரசீது எது இருந்தாலும் கொண்டுபோங்கள்.

இறக்குமதி வண்டி என்றால் இன்னொரு கட்டுப் பேப்பர் உண்டு. அந்தக் காலத்தில் இந்தப் பெரிய பென்ஸ் வண்டிகள் கப்பலில் வந்தவை. வளைகுடாவிலிருந்து குடிபெயர்ந்தவர் கொண்டுவந்ததாக இருக்கும், அல்லது தூதரகத்தார் ஓட்டி முடித்து ஸ்டேட் டிரேடிங் கார்ப்பரேஷன் வழியாக விற்றதாக இருக்கும். எதுவானாலும் சுங்க வரி கட்டியதற்கான ‘பில் ஆஃப் என்ட்ரி’ அல்லது அந்த கார்ப்பரேஷன் கொடுத்த விற்பனைக் கடிதம் கையில் இருந்தால் வண்டியின் மதிப்பே வேறு. மஞ்சளித்த தாளாக இருந்தாலும் லேமினேட் செய்யாதீர்கள். மடிப்பில் கிழிகிற மாதிரி இருந்தால் பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள்.

பிறகு ஆர்சி காலாவதி. சொந்த உபயோகக் காருக்கு முதல் 15 ஆண்டு, அப்புறம் 5 ஆண்டுக்கு ஒரு தடவை புதுப்பிக்க வேண்டும். படிவம் 25, எஃப்சி பார்க்கும் பிரேக் இன்ஸ்பெக்டர், பசுமை வரி எல்லாம் இதில் சேரும். இப்போது கட்டணம் சாதாரணமில்லை. 2025 ஆகஸ்டில் வந்த திருத்தத்தின்படி 20 ஆண்டைத் தாண்டிய உள்நாட்டுக் காருக்கு 10,000 ரூபாய், இறக்குமதிக் காருக்கு 80,000 ரூபாய். மெர்சிடிஸ் கம்பெனி 1995-ல் புனேயில் தயாரிக்கத் தொடங்கிய இ 220, இ 250 டி மாதிரி வண்டிகள் உள்நாட்டுக் கணக்கில் வரும். எங்கள் 240 டி மாதிரியானவை இறக்குமதிக் கணக்கு. ஆர்சி முடிந்துபோன நிலையில் விற்கப் பார்த்தால் இந்தத் தொகை முழுவதையும் வாங்குகிறவர் விலையில் கழிப்பார், தனக்கு ஆகப்போகும் அலைச்சலுக்கும் சேர்த்துக் கழிப்பார். நீங்களே புதுப்பித்துவிட்டு விற்பதுதான் லாபம் என்பது என் கருத்து.

ஆனால் ஒரு விதிவிலக்கு உண்டு. முதல் பதிவு ஆகி 50 ஆண்டைத் தாண்டிய வண்டிக்கு 2021 ஜூலையில் மத்திய அரசு தனி விதி கொண்டுவந்தது. சேஸிஸ், பாடி, எஞ்சின் எல்லாம் அசல் வடிவில் இருந்தால் அதை வின்டேஜ் வாகனமாகப் பதியலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய், 10 ஆண்டு செல்லும். ஏற்கெனவே இங்கே பதிவான வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் அப்படிப் பதிந்த வண்டியைத் தினசரி ஓட்டக் கூடாது. கண்காட்சி, பேரணி, எரிபொருள், பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டும் ரோட்டில் எடுக்கலாம். விற்றால் விற்றவரும் வாங்கியவரும் 90 நாளுக்குள் போக்குவரத்து ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். 1976-ல் பதிவான டபிள்யூ 123 இந்த வரம்பைத் தொடுவது 2026-ல்தான். உங்கள் வண்டி அந்த எல்லைக்குப் பக்கத்தில் இருந்தால், சேகரிப்பாளர் ஒருவருக்குத்தான் விற்கப் போகிறீர்கள் என்றால், அவரிடம் கேட்டுவிட்டு எந்த வழியில் புதுப்பிப்பது என்று முடிவு செய்யுங்கள். தினமும் ஆபீசுக்கு ஓட்ட நினைக்கிற ஆளுக்கு வின்டேஜ் பதிவு உதவாது.

வண்டியை எந்த அளவுக்குத் தயார் செய்வது

பெயின்ட் அடிக்காதீர்கள். விற்கும் முன் ‘பளபள’ என்று ஒரு கோட் அடித்துவிடலாம் என்று டிங்கரிங் கடைக்காரரே சொல்வார், அவர் தொழில் அது. விவரம் தெரிந்த ஆள் புதுப் பெயின்டைப் பார்த்ததும் சந்தோஷப்பட மாட்டார். ‘அடியில் எதை மறைத்திருக்கிறார்கள்’ என்றுதான் யோசிப்பார். பையிலிருந்து ஒரு சின்னக் காந்தத்தை எடுத்துக் கதவின் கீழ்ப்பக்கம் ஒட்டிப் பார்ப்பார். பட்டி தடியாகப் பூசிய இடத்தில் காந்தம் நிற்காமல் வழுக்கி விழும். மங்கிய அசல் பெயின்ட் அதைவிட மேல்.

நம் மாவட்டத்து வண்டி என்றால் வெளியூர்க்காரர் முதலில் கேட்பது துருவைப் பற்றித்தான். நியாயமான கேள்வி. குளச்சல், மணவாளக்குறிச்சி, ராஜாக்கமங்கலம், தேங்காய்ப்பட்டணம் பக்கம் கடற்காற்றில் வரும் உப்பு தகட்டில் படிந்து ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். மழை கழுவிவிடும் இடங்களில் பாதிப்பு குறைவு. கழுவாத மடிப்புகளில்தான் அது வேலை பார்க்கும். குலசேகரம், அருமனை, திருவட்டாறு பக்கத்து வண்டிகளுக்கு உப்பு தொல்லை குறைவு, ஆனால் வேறொரு தொல்லை உண்டு. தென்மேற்கும் வடகிழக்குமாக இரண்டு மழை, ரப்பர் தோட்டத்து ஈரம், உதிரும் இலை. வைப்பருக்குக் கீழே காற்று உள்ளே போகும் கிராதி இருக்கிறதே, அதில் இலை அடைத்து, தண்ணீர் வழிய வழியில்லாமல் காருக்குள் இறங்கித் தரையை அரித்துவிடும். மேட்டைத் தூக்கிப் பார்க்கிற வரை தெரியாது.

ஆகவே நீங்களே முந்திக்கொண்டு பாருங்கள். டபிள்யூ 123-ல் பார்க்க வேண்டிய இடங்கள் எப்போதும் ஒன்றுதான். ஜாக்கி வைக்கும் நான்கு ஓட்டைகள், பேட்டரிக்குக் கீழ் உள்ள தகடு, ஹெட்லைட்டுக்குப் பின்னால் மட்கார்டு, கதவுகளின் அடி விளிம்பு, பின் கண்ணாடியின் கீழ் மூலைகள், டிக்கியில் ஸ்டெப்னி கிடக்கும் குழி. நல்ல பிட் இருக்கும் ஒர்க்‌ஷாப்பில் வண்டியை ஏற்றி, டார்ச் வைத்து ஒவ்வொன்றையும் போட்டோ எடுங்கள். துரு இருந்தால் அதையும் எடுங்கள், மறைக்கவே வேண்டாம். ஒரு ரூபாய் நாணய அளவு ஓட்டையை நீங்கள் முதலிலேயே காட்டிவிட்டால் அது ஒரு ஓட்டைதான். அவராகக் கண்டுபிடித்தால், அப்புறம் நீங்கள் சொல்லும் எதையும் அவர் நம்ப மாட்டார்.

எஞ்சின் வேலையில் சின்னச் சின்னதைச் சரி செய்யுங்கள், பெரியதைத் தொடாதீர்கள். இந்த டீசல் பென்ஸ்களில் கதவுப் பூட்டும் எஞ்சினை நிறுத்துவதும் வேக்குவத்தில்தான், அதாவது குழாய் வழியாகக் காற்றை உறிஞ்சும் விசையில்தான் வேலை செய்யும். எங்காவது ரப்பர் குழாய் வெடித்திருந்தால் சாவியைத் திருப்பி எடுத்த பிறகும் எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும். பானட்டைத் திறந்து ‘ஸ்டாப்’ என்று எழுதிய லீவரை அழுத்தி நிறுத்த வேண்டியிருக்கும். நமக்கு அது பழகிப்போயிருக்கும். புதிதாக வருகிறவர் பயந்துவிடுவார். குழாய் மாற்றுவது சின்னச் செலவு, அதைச் செய்துவிடுங்கள். க்ளோ பிளக் (ஸ்டார்ட் செய்யும் முன் டீசல் எஞ்சினைச் சூடாக்குவது), டயர், பிரேக், எல்லா லைட்டும் சரியாக இருக்கட்டும். கிலோமீட்டர் மீட்டர் நின்றுபோயிருந்தால் (இந்த வரிசையில் உள்ளே இருக்கும் பல்சக்கரம் வழுக்குவது சகஜம்) நின்றது என்றே விளம்பரத்தில் எழுதுங்கள். திருப்பி வைக்கும் வேலையை யாரையும் செய்யவிடாதீர்கள்.

ஒரிஜினல் ரேடியோ, ஜாக்கி, டூல்ஸ் பை, ஓனர் புத்தகம், இரண்டாவது சாவி இவற்றை வீடு முழுக்கத் தேடுங்கள். பரணில் கிடக்கும் பழைய சக்கர மூடி கூட வேண்டும். ஒர்க்‌ஷாப் பில்கள் எல்லாவற்றையும் வருடவாரியாக அடுக்கி ஒரு ஃபைல் போடுங்கள். பில் இல்லாவிட்டால் மெக்கானிக்கைப் பிடித்து எழுதி வாங்குங்கள். ‘2014 எண்ணெய் சீல் மாற்றியது, 2019 ரேடியேட்டர்’ என்ற அளவில் இருந்தால் போதும்.

விலை

இந்த மாதிரி வண்டிக்கு விலைப்பட்டியல் கிடையாது. விளம்பரங்களில் போட்டிருப்பது கேட்கும் விலை. விற்ற விலை அதில் இருக்காது. இரண்டுக்கும் நடுவே பெரிய இடைவெளி இருக்கும். விலையைத் தீர்மானிப்பவை பேப்பர், துரு, அசல் பாகங்கள், வண்டியின் வரலாறு, இந்த வரிசையில்தான். எஞ்சின் அதற்கும் அப்புறம், ஏனென்றால் எஞ்சினைச் சரி செய்துகொள்ளலாம்.

வரலாறு என்றேன். திருவிதாங்கூர் அரச குடும்பத்து உத்திராடம் திருநாள் மார்த்தாண்ட வர்மா 1950களின் பென்ஸ் 180 ஒன்றைக் கடைசி வரை தன்னோடே வைத்திருந்தார். ‘கேன் 42’ என்ற பதிவெண்ணோடு சேர்த்துத்தான் ஊர் அந்த வண்டியை அறியும். நம் வீட்டு வண்டிகளுக்கு அரண்மனைக் கதை இல்லை. ஆனால் முதல் ஓனர் யார், எந்த நாட்டிலிருந்து வந்தது, எத்தனை கை மாறியது என்பதைப் பேப்பரோடு சொல்ல முடிந்தால் அதற்கும் விலை உண்டு. உங்கள் குடும்பம் அதில் பட்ட சந்தோஷத்துக்கு விலை கேட்காதீர்கள், அதைக் கொடுக்க யாராலும் முடியாது. கேட்கும் விலை ஒன்று, இதற்குக் கீழே கொடுக்க மாட்டேன் என்கிற விலை ஒன்று, இரண்டையும் எழுதி வீட்டில் எல்லாரிடமும் ஒப்புதல் வாங்கிவிடுங்கள். வாங்குகிறவர் முன்னால் அண்ணன் ஒன்று தம்பி ஒன்று சொன்னால் விலை அங்கேயே சரிந்துவிடும்.

போட்டோவும் விளம்பரமும்

கன்னியாகுமரி கடற்கரையில், முட்டம் பாறையில், திருவள்ளுவர் சிலை பின்னணியில் நிறுத்திப் போட்டோ எடுக்க எல்லாருக்கும் ஆசை வரும். வேண்டாம். கோயம்புத்தூரிலும் கொச்சியிலும் உட்கார்ந்து பார்க்கிறவருக்கு அலையைப் பார்த்ததும் உப்புதான் நினைவுக்கு வரும். வேளிமலை அடிவாரத்திலோ, ஆள் இல்லாத ஏதாவது குளக்கரை ரோட்டிலோ காலை வெயில் சாய்வாக விழும்போது எடுங்கள். நான்கு பக்கமும், உள்ளே சீட்டும் டேஷ்போர்டும், பானட் திறந்து எஞ்சின், பிட்டில் எடுத்த அடிப்பகுதி, துரு உள்ள இடங்கள். குளிர்ந்த எஞ்சினைக் காலையில் ஸ்டார்ட் செய்யும் வீடியோ ஒன்று கட்டாயம் வேண்டும். க்ளோ லைட் அணைவது வரை காத்திருந்து சாவி திருப்புவதும், புகைக்குழாயும் ஒரே ஷாட்டில் தெரியட்டும்.

ஆர்சி, சேஸிஸ் எண் இவற்றை விளம்பரத்தில் முழுசாகப் போடாதீர்கள். நேரில் வருபவருக்குக் காட்டினால் போதும். வின்டேஜ் கார் கிளப்புகளிலும், பழைய பென்ஸ் ஓட்டுகிறவர்களிடமும், அந்த வண்டியைப் பார்த்து வந்த மெக்கானிக்கிடமும் சொல்லுங்கள். நல்ல கை பெரும்பாலும் மெக்கானிக் வழியாகத்தான் வரும். அவருக்குக் கமிஷன் எவ்வளவு என்று முதலிலேயே பேசிவிடுங்கள்.

தில்லி வட்டாரத்திலிருந்து யாராவது ஆர்வமாகக் கேட்டால், அங்கே 10 ஆண்டைத் தாண்டிய டீசல், 15 ஆண்டைத் தாண்டிய பெட்ரோல் வண்டிகளுக்குக் கட்டுப்பாடு இருப்பதை மனதில் வையுங்கள். எந்த ஊரில் பதியப் போகிறார் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பார்க்காமலே ‘எடுத்துக்கிறேன் சார், நான் மிலிட்டரியில் இருக்கேன், அட்வான்ஸ் அனுப்புறேன், இந்த க்யூஆர் கோடை ஸ்கேன் பண்ணுங்க’ என்று சொல்பவரிடம் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள். பணம் வாங்க நாம் எதையும் ஸ்கேன் செய்ய வேண்டியதில்லை, பின் நம்பரும் போட வேண்டியதில்லை.

பார்க்க வருபவர்கள்

நிஜமாக வாங்குகிறவரை அவர் நடந்துகொள்ளும் விதத்திலேயே கண்டுபிடிக்கலாம். எங்கள் வண்டியைப் பார்க்க நெய்யாற்றின்கரையிலிருந்து ஒருவர் வந்தார், ஐம்பது வயது இருக்கும். வந்ததும் கையால் பானட்டைத் தொட்டுப் பார்த்தார், சூடாக இருக்கிறதா என்று. அப்புறம் முட்டி போட்டு, ஜாக்கி ஓட்டைக்குள் விரலை விட்டுத் தடவினார். ‘அண்ணே, டிக்கி மேட்டைத் தூக்கலாமா?’ என்று கேட்டார். ஸ்டெப்னியைத் தானே எடுத்து வெளியே வைத்துவிட்டு, குழியில் டார்ச் அடித்துப் பார்த்தார். எஞ்சினை ஸ்டார்ட் செய்யச் சொல்லி, எண்ணெய் ஊற்றும் மூடியைக் கழற்றி, தலைகீழாக அந்த வாயின்மேல் வைத்தார். மூடி லேசாக அசைந்தது, துள்ளவில்லை. பிஸ்டன் ரிங் தேய்ந்த எஞ்சினில் அது துள்ளிக் கீழே விழும். விலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, இத்தனையும் பார்த்து முடித்துக் கை துடைத்த பிறகுதான் கேட்டார். இப்படி வருபவருக்கு நேரம் கொடுங்கள், டீ கொடுங்கள், கேள்விக்கெல்லாம் பதில் சொல்லுங்கள். கேட்டுக்குள் நுழையும் முன்பே ‘கடைசி ரேட் என்ன?’ என்று கேட்பவர் பெரும்பாலும் கை மாற்றி விற்கிறவர்.

வண்டியை முன்கூட்டியே ஸ்டார்ட் பண்ணிச் சூடாக்கி வைக்காதீர்கள். பார்க்க வருபவருக்குக் குளிர்ந்த எஞ்சின்தான் வேண்டும்.

ஓட்டிப் பார்க்கக் கேட்டால் லைசென்ஸைப் பார்த்துப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், நீங்களும் கூட உட்காருங்கள். இன்சூரன்ஸ், பொல்யூஷன் இரண்டும் நடப்பில் இருக்க வேண்டும், இல்லாமல் வண்டியை ரோட்டில் இறக்கவே கூடாது. ஆரல்வாய்மொழி பக்கம் போனால் வேகத்தில் எப்படி நிற்கிறது என்று தெரியும். மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே கடைத்தெரு நெரிசலில் ஊர்ந்தால் சூடு ஏறுகிறதா என்று தெரியும். இரண்டையும் காட்டுங்கள். ஓட்டத்தில் ஆயில் பிரஷர் முள் 3-ல் போய் நிற்பதை அவரே பார்க்கட்டும்.

பணமும் பெயர் மாற்றமும்

இந்த ஒரு இடத்தில் கண்டிப்பாக இருங்கள். பெயர் மாற்றத்துக்கான விண்ணப்பம் பதிவாகாமல் வண்டியைக் கொடுக்காதீர்கள். ‘அப்புறம் மாத்திக்கிறேன் சார், படிவத்தில் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுங்க’ என்று கேட்பார்கள். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30-ல் தேதி போடாமல் கையெழுத்து வாங்கி வைத்துக்கொண்டு, அந்த வண்டியைப் பல கை மாற்றுவது வழக்கமாக நடக்கிறது. நடுவில் விபத்து நடந்தால் ஆர்சியில் யார் பெயரோ அவரே சட்டத்தின் கண்ணில் உரிமையாளர். 2018-ல் நவீன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அதில் வண்டி ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு எனக் கை மாறிப் போயிருந்தது, ஆனாலும் இழப்பீட்டுப் பொறுப்பு பதிவில் பெயர் இருந்தவர்மேல்தான் வந்தது.

தமிழ்நாட்டுக்குள் விற்றால் விற்றவர் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் 30 நாளுக்குள். படிவம் 29 விற்பவருடையது, படிவம் 30 இருவரும் கையெழுத்திடுவது. ஏஜென்ட் வைத்தாலும் ஒப்புகைச் சீட்டு உங்கள் கைக்கு வர வேண்டும்.

நமக்குக் களியக்காவிளை தாண்டினால் கேரளம். இந்த வண்டிகளுக்கு ஆசைப்பட்டு வருபவர்களில் அங்கிருந்து வருபவர்கள் நிறைய. பிற மாநிலத்துக்கு விற்றால் படிவம் 28-ல் என்ஓசி (ஆட்சேபணை இல்லை என்ற சான்று) வாங்க வேண்டும். வரி பாக்கி, டிராஃபிக் அபராதம் எதுவும் நிலுவையில் இருக்கக் கூடாது. என்ஓசியோடு வாங்குகிறவர் பாறசாலையிலோ நெய்யாற்றின்கரையிலோ புது எண்ணுக்கு விண்ணப்பிப்பார், அங்கே வரி தனியாகக் கட்ட வேண்டியிருக்கும். அந்த வரிக் கணக்கை அவர் முன்கூட்டியே விசாரித்திருக்கிறாரா என்று நீங்களே கேளுங்கள். கேட்காமல் வந்தவர் தொகையைப் பார்த்ததும் பெயர் மாற்றாமல் டிஎன் எண்ணிலேயே ஓட்டுவார், அது உங்களுக்குத்தான் தலைவலி. என்ஓசி வர நாள் ஆகும் என்பதால், அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு வண்டியை உங்கள் ஷெட்டிலேயே வைத்திருங்கள்.

அட்வான்ஸ் வாங்கும்போது ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். மொத்த விலை, அட்வான்ஸ், மீதி எந்தத் தேதிக்குள், பின்வாங்கினால் என்ன, வண்டியோடு கொடுக்கும் ஸ்பேர் எவை, உங்களுக்குத் தெரிந்த குறைகள் எவை. இரு பக்கமும் கையெழுத்து, இரண்டு சாட்சி. பணம் வங்கி வழியாக வரட்டும். 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ஒரே பரிவர்த்தனையில் ரொக்கமாக வாங்க வருமான வரிச் சட்டம் அனுமதிக்காது, வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் விழும். சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்த காரைத் தனி ஆள் விற்றால் மூலதன ஆதாய வரி கிடையாது. கடை, எஸ்டேட் கணக்கில் தேய்மானம் காட்டிய வண்டி என்றால் ஆடிட்டரைப் பாருங்கள்.

யாருமே வாங்க வராமல், உதிரிப் பாகத்துக்காகக் கண்டம் பண்ணுகிறவர் ஒருவர்தான் கேட்கிறார் என்றால், கொடுப்பதானால் ஆர்சியை முறைப்படி ரத்து செய்துவிட்டுக் கொடுங்கள். அந்த சேஸிஸ் எண் இன்னொரு வண்டியில் உட்கார்ந்தால் போலீஸ் உங்கள் வீட்டுக்குத்தான் வரும். ஆனால் ஓடுகிற நிலையில் உள்ள வண்டியை அப்படிக் கொடுக்க எனக்கு மனம் வராது. கொஞ்சம் குறைந்த விலைக்கானாலும் ஓட்டப் போகிற ஆளுக்குக் கொடுங்கள்.

கொடுக்கும் நாளும் அதற்கு அடுத்தும்

பகலில் கொடுங்கள். டேஷ்போர்டுப் பெட்டி, சீட்டுக்கு அடி, டிக்கி எல்லாவற்றையும் காலி செய்யுங்கள். வீட்டுப் பேப்பர், பழைய பெட்ரோல் பில், நகைக்கடை ரசீது என்று என்னென்னவோ கிடக்கும். கண்ணாடியில் தொங்கும் ஜெபமாலையோ சாமி படமோ உங்களுடையது, எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் எல்லாரும் வண்டியோடு நின்று ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அம்மாவுக்குக் கண் கலங்கினால் கலங்கட்டும், அவசரப்படுத்த வேண்டாம்.

வாங்கியவரை உட்கார வைத்து வண்டியின் பழக்கங்களைச் சொல்லிக் கொடுங்கள். எந்தக் கதவை முதலில் பூட்ட வேண்டும், ஸ்டாப் லீவர் எங்கே, எந்த எண்ணெய் ஊற்றி வந்தீர்கள், மழைக்கு முன் எந்தக் கிராதியைச் சுத்தம் செய்ய வேண்டும். மெக்கானிக்கின் நம்பரை அவரிடம் கேட்டுவிட்டுக் கொடுங்கள். சாவி கொடுத்த தேதி, நேரம் இரண்டையும் ஒரு டெலிவரி ரசீதில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அன்று முதல் அபராதமோ விபத்தோ வந்தால் அந்தத் தாள்தான் பேசும்.

வாங்கியவர் இன்சூரன்ஸை 14 நாளுக்குள் தன் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும், நினைவூட்டுங்கள். பாலிசியில் சேர்ந்திருக்கும் நோ கிளெய்ம் போனஸ் உங்களுடையது. கம்பெனியில் கேட்டுச் சான்றிதழ் வாங்கினால் 3 ஆண்டுக்குள் எடுக்கும் வேறு காருக்குப் பயன்படும். ஃபாஸ்டேக்கைக் கண்ணாடியிலிருந்து உரித்து, கணக்கையும் மூடிவிடுங்கள். அதை மறந்தால் வண்டி தாண்டும் ஒவ்வொரு டோலுக்கும் உங்கள் பணம்தான் போகும். பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டு, உரிமையாளர் பெயர் மாறிவிட்டதா என்று வாரம் ஒருமுறை பாருங்கள். மாறியதும் அந்தப் பக்கத்தை அச்செடுத்து, விற்பனை ஒப்பந்தம், டெலிவரி ரசீது, வாங்கியவரின் ஆதார் நகல் இவற்றோடு சேர்த்து அதே பீரோவில் வைத்துவிடுங்கள்.